சோதனை என்னும் சொல்லின் சுமை: தமிழர் பாலியல் நல வரலாற்றில் ஒரு கூறு

தமிழில் 'சோதனை' என்னும் சொல் இன்று மூன்று வெவ்வேறு செயல்களைக் குறித்து நிற்கின்றது. காவலர் ஒரு வீட்டினுள் புகுந்து தேடுவது சோதனை. நோயுற்று வந்தவரின் குருதியை எடுத்து நோய் இன்னதென்று துணிவதும் சோதனை. நோயின் அறிகுறி எதுவுமின்றி நலமாக நடமாடும் ஒருவரிடத்தில் மறைந்திருக்கக்கூடிய நோயை முன்கூட்டியே நாடிக் காண்பதும் சோதனையே. முதற்செயலில் ஐயம் உண்டு. இரண்டாவதில் வருத்தம் உண்டு. மூன்றாவதில் இவ்விரண்டும் இல்லை. மூன்றையும் ஒரே சொல்லால் வழங்குவது சொற்பஞ்சத்தால் நேர்ந்தது என்று மட்டும் கருதுவதற்கில்லை. பாலியல் நலத்துறையில் இம்மூன்று செயல்களும் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் உண்மையிலேயே ஒன்றாகக் கலந்து கிடந்தன. வளரிளம் பருவத்தாரைத் தாமாக முன்வந்து உடல்நலம் பார்த்துக்கொள்ளுமாறு அழைக்கும் இக்காலத் திட்டங்கள், இக்கலப்பின் சுமையைத் தாங்கியே அவர்களிடம் செல்கின்றன. அச்சுமை எவ்வாறு சேர்ந்தது என்பதைச் சென்னை, மும்பை ஆகிய இரு நகரங்களின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

சோதனை என்பது வடமொழிச் 'சோதன' என்பதன் திரிபு. அதன் வேர்ப்பொருள் தூய்மை செய்தல். பொன்னை உருக்கி மாசு நீக்குவதும் கணக்கில் பிழை களைவதும் அச்சொல்லுக்குள் அடங்கும். தமிழில் விவிலிய வழக்கு அதற்கு மனத்தை அலைக்கழிக்கும் தூண்டுதல் என்ற பொருளையும் சேர்த்தது. துன்பம் நேர்ந்தவழி 'இது கடவுளின் சோதனை' என்பது பேச்சு வழக்கு. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளை அறுதியிடாது என்பது மொழியியலின் அடிப்படைப் பாடம். எனினும் ஒரு சொல் புழங்கிய இடங்கள் அதன்மேல் படிந்துவிடும் என்பதும் அதே இயலின் பாடமே.

மூன்றாவது செயலின் இலக்கணத்தை உலக நல்வாழ்வு நிறுவனத்திற்காக வில்சன், யுங்னர் ஆகிய இருவரும் 1968-இல் வகுத்தனர். தேடப்படும் நோய் முக்கியமானதாக இருத்தல் வேண்டும். மறைந்திருக்கும் நிலையிலேயே அதனை அறிய இயலவேண்டும். அறிந்தபின் அளிக்கத்தக்க மருத்துவம் கைவசம் இருத்தல் வேண்டும். முறை மக்களுக்கு ஏற்புடையதாக இருத்தல் வேண்டும். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட ஏற்புடைமையே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. நோயாளி மருத்துவரை நாடி வருவது வழக்கமான மருத்துவம். இங்கு மருத்துவம் நலமானவரை நாடிச் செல்கின்றது. நாடிச் செல்பவருக்கே தம் வருகையின் நியாயத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு உண்டு.

நோய்ப் பெயர்களில் ஏறிய பழி

பாலுறவால் பரவும் நோய்களுக்குத் தமிழில் பெயர்க்குறை இருந்ததில்லை. கிரந்தி, அரையாப்பு, கொறுக்கு, வெட்டை, மேகம் எனச் சித்த மருத்துவ வழக்கிலும் மக்கள் வழக்கிலும் பல சொற்கள் உள்ளன. இவற்றுள் மேகம் என்பது சிறுநீரொழுக்கைக் குறிக்கும் 'மேஹ' என்னும் வடசொல்லின் வழிவந்தது. வானத்து மேகமோ 'மேக' என்னும் வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. தமிழெழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நீரிழிவு முதல் தோல்நோய் வரை பலவற்றைக் குறித்த இச்சொல் காலப்போக்கில் ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகச் சுருங்கியது.

பறங்கிப்புண் என்னும் பெயர் வேறொரு கதையைக் கூறும். பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் தம் மருத்துவ நூலில் இந்நோயைப் 'பிரங்க ரோகம்' என்று குறித்தார். போர்த்துகீசியரோடு வந்த நோய் என்பது கருத்து. அதனைத் தீர்க்கப் பயன்பட்ட சீனக்கிழங்கு தமிழில் பறங்கிப்பட்டை ஆயிற்று. இத்தாலியர் இதே நோயைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் அதனை நேப்பிள்சு நோய் என்றனர். நோயை அயலான் தலையில் கட்டுவது உலகப் பொதுவழக்கு. இலங்கையில் இப்பெயர் இன்னும் ஒருபடி மேலே சென்று குழப்பம் விளைவித்தது. அங்குச் சிங்கள மக்கள் 'பரங்கி' என்றழைத்த நோய், கிராமப்புறக் குழந்தைகளிடையே தோல் தொடுகையால் பரவிய வேறொரு புண்ணோய். கின்சி என்னும் ஆங்கில மருத்துவ அதிகாரி 1881-இல் அதுபற்றித் தனி அறிக்கையே எழுத வேண்டியிருந்தது. பாலுறவோடு தொடர்பில்லாத நோய்க்கும், பெயர் ஒன்றாகவே அமைந்தமையால், பழியும் ஒட்டிக்கொள்ள இடமிருந்தது.

அயலான்மீது ஏற்றிய பழி பின்னர்ப் பெண்மீது இறங்கியது. 'பொம்பளச் சீக்கு' என்னும் பேச்சு வழக்கு இதற்குச் சான்று. நோயைப் பெற்றவன் ஆண். நோய்க்குப் பெயரானவள் பெண். இருபதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த 'பால்வினை நோய்' என்னும் ஆக்கச்சொல் இப்பழியை நீக்க முயன்றது எனலாம். ஆனால் 'வினை' என்பது தமிழரின் காதில் செயல் என்று மட்டும் ஒலிப்பதில்லை. செய்த தீமையின் பயன் என்றும் ஒலிக்கும். ஆக்கியோர் இதனைக் கருதியிருக்கமாட்டார்கள். கேட்போர் கருதாமல் இருப்பது அரிது.

பூட்டப்பட்ட மருத்துவமனை

இனிச் செயலின் வரலாற்றுக்கு வருவோம். பிரித்தானியப் படைவீரரின் நலனுக்காகச் சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'லாக் மருத்துவமனை'கள் ஏற்பட்டன. இலண்டனில் 1747-இல் தோன்றிய லாக் மருத்துவமனையின் பெயரே இவற்றுக்கும் வந்தது. அப்பெயர் பூட்டைக் குறித்ததன்று என்பாரும் உளர். எனினும் உள்ளே வைக்கப்பட்ட பெண்களுக்கு அது பூட்டாகவே இருந்தது. 1864-ஆம் ஆண்டின் பாளைய முகாம் சட்டமும் 1868-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தொற்றுநோய்ச் சட்டமும் இம்முறைக்கு முழு வடிவம் தந்தன. பரத்தையர் எனக் குறிக்கப்பட்ட பெண்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறித்த நாள்களில் உடலைக் காட்ட வேண்டும், நோய் காணப்பட்டால் மருத்துவமனையில் அடைபட வேண்டும், தவறினால் தண்டனை. பம்பாயில் 1870-இல் இச்சட்டம் நடைமுறைக்கு வந்து, 1872-இல் நிறுத்தப்பட்டு, 1880-இல் மீண்டும் உயிர்பெற்று, 1888-இல் நீக்கப்பட்டது. பிரித்தானியாவில் சோசபின் பட்லர் நடத்திய இயக்கத்தின் பயனாக அந்நாட்டுச் சட்டங்கள் 1886-இல் நீங்கியமை இந்திய நீக்கத்துக்கும் வழிகோலியது.

இச்சோதனையில் மருத்துவம் எவ்வளவு இருந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். மேகவெட்டையின் நுண்ணுயிரை நைசர் கண்டது 1879-இல். கிரந்தியின் நுண்ணுயிர் அறியப்பட்டது 1905-இல். அதற்குரிய குருதிச் சோதனையை வாசர்மன் உருவாக்கியது 1906-இல். எனவே லாக் மருத்துவமனையின் கருவி மருத்துவரின் கண் ஒன்றே. கண்ணுக்குப் புண் தெரியாத நிலையில் நோயுள்ளவர் நலமானவர் எனச் சான்று பெற்றுச் சென்றிருப்பர். வேறு வகைப் புண் உடையவர் அடைபட்டிருப்பர். இச்சட்டம் ஆணைப் பதிவேட்டில் ஏற்றவுமில்லை. நோயைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு ஆளைத் தேடியது அம்முறை. காவலரின் சோதனையும் மருத்துவரின் சோதனையும் ஒரே கூரையின்கீழ் ஒரே பொருளைப் பெற்றது இங்கேதான்.

பள்ளிக்கூடத்து வழி

இதற்கு மாறான ஒரு மரபும் பின்னர்த் தோன்றியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926-இன் இறுதியில் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்றபின் வலியுறுத்தியவற்றுள் பள்ளி மாணவரின் மருத்துவப் பார்வையீடும் ஒன்று. பரத்தையர் பதிவேட்டில் தொடங்கிய உடற்பார்வை, பள்ளிப் பதிவேட்டுக்கு மாறியது சிறிய மாற்றமன்று. குழந்தை எவர் வீட்டுக் குழந்தையாயினும் பல்லும் கண்ணும் எடையும் பார்க்கப்பட வேண்டும் என்னும்போது ஐயத்துக்கு இடமில்லை. அனைவரையும் பார்ப்பதனால் எவரும் சுட்டப்படுவதில்லை. ஆனால் பருவமெய்திய உடலின் கேள்விகள் அப்பார்வையீட்டின் எல்லைக்கு வெளியே நின்றன.

அக்கேள்விகளை அக்காலத்தில் எடுத்துக்கொண்டவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தனர். பம்பாயில் ர. தோ. கார்வே 1921-இல் கருத்தடை ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். 1927 முதல் 1953 வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி இதழை நடத்தினார். வாசகர் கேட்ட பாலியல் ஐயங்களுக்கு அதில் விடை எழுதினார். ஆபாசம் என்று தொடுக்கப்பட்ட வழக்கொன்றில் 1934-இல் அவருக்காக வாதிட்டவர் அம்பேத்கர். இதழின் பெயர் நோயைக் குறிக்கவில்லை. சமூகத்தின் நலத்தைக் குறித்தது. அதே ஆண்டுகளில் தமிழில் 'குடி அரசு' கருத்தடை பற்றிக் கூச்சமின்றி எழுதியது. பெண்ணின் உடல்மீது பெண்ணுக்குள்ள உரிமை என்ற கோணத்தில் பெரியார் அதனை அணுகினார். கார்வே நலத்தைப் பேசினார். பெரியார் உரிமையைப் பேசினார். பிற்காலத்தில் தேவைப்பட்ட இரண்டும் இரு மொழிகளில் தனித்தனியே அப்போதே இருந்தன என்பது வியப்புக்குரியது.

தமிழ் இளைஞரின் கைக்கு எட்டியவை இவையல்ல. விடுதி அறைகளில் முகாமிட்ட மருத்துவர்களின் விளம்பரங்களே. 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று விளிக்கும் அவ்விளம்பர நடையைத் தமிழர் நகையாடி மகிழ்வதுண்டு. நகைப்புக்கு அப்பால் அதன் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. இளமையில் அறியாது செய்த தவறு என்று முதலில் குற்றத்தை நிறுவி, பின்னர் அக்குற்றத்துக்குக் கழுவாயாக மருந்தை விற்பது அதன் உத்தி. விடலைப் பருவத்து ஆணின் உடலைப் பற்றித் தமிழில் மிக விரிவாகப் பரவிய உரைநடை இதுவே என்பது வருந்தத்தக்க உண்மை.

1986-உம் 1990-உம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவின் ஆய்வேட்டிற்கு எய்ட்ஸ் நோயைத் தலைப்பாகத் தந்தார். நோய் இந்தியாவில் இல்லை என்று பலரும் நம்பிய காலம் அது. சென்னையில் பாலியல் தொழிலாளருக்கெனத் தனிப் பகுதி இல்லாமையால், காவலரால் பிடிபட்டு மயிலாப்பூர் அரசு காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து குருதி எடுக்கப்பட்டது. 1986 பிப்ரவரியில் அம்மாதிரிகள் பெட்டியொன்றில் வைக்கப்பட்டு இரவு இரயிலில் காட்பாடிக்குச் சென்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டபோது ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரிந்தது. அமெரிக்காவிலும் அது உறுதிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் நலத்துறை அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதனை அறிவித்தார். நிர்மலாவின் ஆய்வேடு 1987-இல் அளிக்கப்பட்டது. இந்தியப் பொதுநல வரலாற்றில் இதனினும் பயனுடைய மாணவர் ஆய்வேட்டைக் காட்டுவது கடினம். நாடு விழித்துக்கொண்டது அதனாலேயே.

ஆயினும் இரண்டு செய்திகள் ஈண்டு நோக்கத்தக்கன. எதற்காகக் குருதி எடுக்கப்படுகின்றது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சொன்னாலும் விளங்கியிராது, வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர் என்று நிர்மலா பின்னாளில் விளக்கியுள்ளார். நோய்க்குத் தமிழில் பெயரே இல்லாத நிலையில் இவ்விளக்கத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆனால் அவர்கள் அவ்வாறு எண்ணியதற்குக் காரணம், காப்பு இல்லத்துப் பெண்ணின் குருதியை எடுப்பது கேள்வி கேட்கத் தேவையில்லாத வழக்கமாக இருந்ததே. இரண்டாவது, தொற்றுடைய அறுவருள் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருவரும் இருந்தார் என்று சுனிதி சாலமன் பேட்டிகளில் குறிப்பிட்டுள்ளார். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக அறியப்பட்டவர்களுள் ஒருவர் வளரிளம் பருவத்தினர். அவரைச் சென்றடைந்த முதற்சோதனை காவல் வழியாகவே சென்றது.

நான்காண்டுகள் கழித்துப் பம்பாயும் சென்னையும் இவ்வகையில் நேரடியாக இணைந்தன. 1990-இல் பம்பாய்ப் பாலியல் தொழிற்பகுதிகளிலிருந்து தமிழகத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பெண்கள் மீட்கப்பட்டுத் தனி இரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்விரயிலுக்கு 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயரிட்டனர். வந்திறங்கியவர்களுக்கு அவர்தம் ஒப்புதலின்றியே எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்டது. தொற்றுக் கண்டவர்கள் விடுவிக்கப்படாமல் காப்பு இல்லங்களில் வைக்கப்பட்டனர். முக்தி என்னும் பெயர் தாங்கிய வண்டி மற்றொரு பூட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. இதழாளர் சியாமளா நடராசு சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்ற ஆணையால் அப்பெண்கள் வெளியே வந்தனர். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம் என்னும் அமைப்பு உருவாயிற்று. கட்டாயச் சோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் இடம்தந்து 1989-இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு முன்வரைவு 1992-இல் திரும்பப் பெறப்பட்டது. எனினும் பழக்கம் அவ்வளவு எளிதில் போகவில்லை. 1996 பிப்ரவரியில் மும்பையில் நடந்த காவல் சோதனைகளில் மீட்கப்பட்ட நானூற்றுக்கு மேற்பட்ட பெண்களும் சிறுமியரும் எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். 'சோதனையில் பிடிபட்டவருக்குச் சோதனை' என்று இந்நிகழ்வைத் தமிழில் எழுதினால் ஒரே சொல் இருமுறை வரும். இரண்டின் வேறுபாடு வாசகருக்குத் தோன்றவே தோன்றாது.

பருவத்துக்குப் பெயர்

வளரிளம் பருவம் என்பது அண்மைக்கால ஆக்கம். தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுக்கின்றன. அவற்றுள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினள் மங்கை. பதினான்கு முதல் பத்தொன்பது வரையினள் மடந்தை. இவ்விரண்டும் உலக நல்வாழ்வு நிறுவனம் வகுக்கும் பத்து முதல் பத்தொன்பது வயதெல்லைக்குள் அடங்குதல் வியப்பளிக்கும். ஆனால் பாட்டியலின் பகுப்பு உலாப்புறத்தே நின்று காண்பவரின் கண்வழி அமைந்தது. வளர்பவரின் உள்வழி அமைந்ததன்று. வாழ்க்கை வழக்கில் பூப்பெய்தல், வயதுக்கு வருதல், பெரிய மனுசி ஆதல், சடங்கு, மஞ்சள் நீராட்டு எனச் சொற்கள் பெருகியுள்ளன. ஆணின் பருவ மாற்றத்துக்கு இத்தகைய சொல் ஒன்றுகூட நிலைபெறவில்லை. மீசை அரும்பியது என்பதோடு மொழி நின்றுவிடுகின்றது. பெண்ணுக்கோ அறிவிப்பு உண்டு, விளக்கம் இல்லை. ஊரறியப் பந்தலிட்டு உறவினரை அழைத்து உரைக்கப்படும் செய்தி, மறுநாள் முதல் வீட்டுக்குள்ளும் பேசக்கூடாததாகிவிடுகின்றது.

இம்மௌனம் மருத்துவத்தை நேரே தாக்குகின்றது. இந்திய அரசுநிலையங்களில் பால்வினை நோய்களுக்கு அறிகுறிவழி மருத்துவமே பெரிதும் பின்பற்றப்படுகின்றது. வந்தவர் சொல்லும் குறிகளைக் கொண்டு எண்ணிடப்பட்ட மருந்துத் தொகுப்புகளில் உரியதைத் தருவர். ஆய்வகம் அருகில்லாத இடங்களுக்கு அது பொருத்தமான முறையே. ஆனால் அறிகுறியைச் சொல்லச் சொல் வேண்டும். வெள்ளைப்படுதல் என்பது இயல்பான ஒழுக்கையும் குறிக்கும், தொற்றையும் குறிக்கும், சோர்வையும் மனவருத்தத்தையும்கூடக் குறிக்கும். மும்பையில் 'சஃபேத் பானி' என்னும் இந்தி வழக்கும் இத்தன்மையதே. ஆணிடத்தில் எல்லாம் 'சூடு' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். மேலும் கிளமிடியா போன்ற தொற்றுகள் பெரும்பாலும் குறியே காட்டாமல் இருந்து பின்னாளில் மகப்பேற்றைத் தடைசெய்வன. குறியே இல்லாத நோயைக் குறிவழி மருத்துவம் காணாது. மூன்றாம் வகைச் சோதனைக்கு மருத்துவ நியாயம் இங்கேயே உள்ளது.

எதனைச் சோதிக்கக் கூடாது என்பதும் அந்நியாயத்தின் பகுதி. கருப்பை வாய்ப் புற்றுநோயை நாடும் சோதனை வளரிளம் பருவத்தாருக்கு உரியதன்று. பொதுவாக முப்பது வயதில் அதனைத் தொடங்குமாறு உலக நல்வாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கின்றது. அவர்களுக்கு உரியது ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடப்படும் தடுப்பூசி. அத்தடுப்பூசியின் இந்திய வரலாற்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. 2009-இல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குசராத்தின் வடோதராவிலும் நடந்த செயல்விளக்கத் திட்டம் 2010-இல் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதனைக் கடுமையாகக் குறைகூறியது. விடுதியில் தங்கிப் பயின்ற சிறுமியர் பலரின் ஒப்புதற் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். நல்ல மருந்தும் கேளாது கொடுக்கப்பட்டால் ஐயத்துக்கு உரியதாகிவிடும். சிறுமியரைக் கேட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு மிகச் சிறிது.

மையங்களின் பெயர்கள்

அரசு நிறுவனங்கள் இச்சிக்கலை அறியாமல் இருந்தன என்று சொல்ல இயலாது. அவை சோதனை என்னும் சொல்லைத் தவிர்த்தே பெயர் சூட்டின. தமிழகத்தில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் அளிக்கும் இடம் 'நம்பிக்கை மையம்'. பால்வினை நோய் மருத்துவம் அளிக்கும் இடம் 'சுகவாழ்வு மையம்'. மகாராட்டிரத்தில் வளரிளம் பருவத்தார்க்கான ஆலோசனை நிலையங்களுக்கு 'மைத்ரி' என்று பெயர். நோயின் பெயரும் இல்லை, செயலின் பெயரும் இல்லை. அடைய விரும்பும் நிலையின் பெயரே உண்டு. இடக்கரடக்கல் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. இடக்கரடக்கல் சொல்லக் கூசியதை மறைப்பது; இப்பெயர்கள் வாயிலில் நிற்பவர் இன்னார் என்று பிறர் அறியாதவாறு காப்பன. இதற்கு நேர்மாறாக, 2000-களின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் பரவிய புள்ளிராஜா விளம்பரம் ஒரு கற்பனை ஆணின் பெயரால் எய்ட்ஸ் பற்றிய கேள்வியை எழுப்பியது. பெண் மீதிருந்த பழியை ஆணுக்கு மாற்றியதும், தேநீர்க் கடையில் பேச முடியாததைப் பேசவைத்ததும் அதன் வெற்றி. ராஜா என்னும் பெயருடைய இளைஞர்கள் பட்ட கேலி அவ்வெற்றியின் விலை.

ஆயினும் பெயர் மட்டும் போதாது. இந்திய அரசு 2005-இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராட்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. 2009-இல் மாநிலங்களவை மனுக்குழுவும் அத்திட்டத்துக்கு எதிராகவே பரிந்துரைத்தது. தேசிய வளரிளம் பருவத்தார் நலத்திட்டம் 2014 சனவரியில் தொடங்கியபோது நிலையங்கள் இருந்தன. நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்வியை மாணவருக்குக் கற்பிக்கும் பாடம் பல இடங்களில் இல்லை.

மும்பைத் தமிழரிடையே நிலைமை மேலும் சிக்கலானது. தாராவி, மாதுங்கா, செம்பூர் தொடங்கி, தீப்பெட்டி ஆலையும் படைக்கலத் தொழிற்சாலையும் வளர்த்த அம்பர்நாத் வரை தமிழ்க் குடும்பங்கள் பரவியுள்ளன. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகின்றது. எனினும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வீட்டுப் பேச்சு. எழுத்து மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். சென்னையில் அச்சிடப்படும் 'பால்வினைத் தொற்று' என்னும் சொல் அவர்களை எட்டுவதில்லை. தாராவியில் 'சோட்டா சயன் ஆஸ்பத்திரி' என்று மக்கள் அழைக்கும் நகர நல்வாழ்வு மையத்தில் அவர்கள் எதிர்கொள்ளும் சொற்கள் இந்தியின் 'ஜாஞ்ச்', மராத்தியின் 'தபாஸணி'. ஜாஞ்ச் என்பது குருதிச் சோதனையையும் குறிக்கும், காவல்துறை விசாரணையையும் குறிக்கும். 'தபாஸ்' என்பது புலனாய்வு. ஆக, தமிழை விட்டு அண்டை மொழிக்குச் சென்றாலும் காவலரின் நிழல் உடன்வருகின்றது.

அவ்விளைஞர் தம் பேச்சில் வழங்கும் சொல் 'செக்கப்'. பல்லுக்கும் செக்கப், கண்ணுக்கும் செக்கப். தூயதமிழ் ஆர்வலர் இதனை விரும்பார். ஆனால் முந்நிலைச் சோதனைகளுள் மூன்றாவதை மட்டும் பிரித்துக் காட்டும் சொல் தமிழர் வாயில் இன்று இதுவொன்றே. காப்பு இல்லத்தின் நினைவு இதில் இல்லை. தேர்வில் தேறுதல், தவறுதல் என்னும் எண்ணத்தை எழுப்பும் 'டெஸ்ட்' என்பதன் குறையும் இல்லை. வரலாறு இல்லாமையே இக்கடன்சொல்லின் தகுதி. தமிழாக்கம் வேண்டுவோர்க்கு ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவையும் குருதி அழுத்தத்தையும் வீடுதோறும் சென்று காண்பது. தேடல் என்னும் வினை அங்கு ஆளைப் பிடிக்கச் செல்வதாக ஒலிக்கவில்லை. மருத்துவம் மக்களிடம் வருவதாக ஒலிக்கின்றது. வில்சனும் யுங்னரும் கூறிய ஏற்புடைமையைத் தமிழ்த் தொடரமைப்பு ஒன்று எட்டியிருப்பதை இதில் காணலாம். அத்திட்டத்தின் முதன்மை நோக்கு முதியோர் நோய்களே. பதினைந்து வயதினரைத் தேடிச் செல்லும் தொடர் இன்னும் ஆக்கப்படவில்லை.

ஆக்கத் தடையாக இருப்பது சொல் மட்டுமன்று. 2012-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு எதிரான குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கின்றது. குழந்தைகளைக் காப்பதற்கு அச்சட்டம் இன்றியமையாதது. ஆனால் ஐயம் கேட்க வரும் பதினேழு வயதினர்க்கு ஆலோசகரின் மேசைக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே ஒரு வழி திறந்தே இருக்கின்றது என்னும் அச்சமும் அதனால் உண்டு. 2022 செப்டம்பர் 29-ஆம் நாள் உச்சநீதிமன்றம், கருக்கலைப்பு நாடிவரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று தீர்ப்பளித்து அவ்வழியை ஓரளவு ஒடுக்கியது. எச்.ஐ.வி. தொடர்பான 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, அறிந்து தரும் ஒப்புதலின்றிச் சோதனை இல்லை என்று வகுத்தது. 1986-இல் காப்பு இல்லத்துப் பெண்கள் கேட்டிருக்க முடியாத கேள்விக்கு அது சட்டவடிவம் தந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வழிகாட்டுதல்களோ பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலைக் கேட்கின்றன. அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் பன்னிரண்டு வயது நிறைந்து பதினெட்டு நிறையாத மூத்த பிள்ளை, பக்குவம் உடையவராயின், தம் இளைய உடன்பிறப்புக்குக் காப்பாளராக இருந்து பள்ளியில் சேர்க்கவும் மருத்துவத்துக்கு ஒப்புதல் தரவும் தக்கவர் என்று கூறுகின்றது. பதினைந்து வயது அக்காள் தம்பியின் மருத்துவத்துக்குக் கையொப்பமிடலாம். தன் குருதிச் சோதனைக்கு அவள் வேறொருவரின் கையொப்பத்தைத் தேட வேண்டும்.